பூட்ஸில் ஒரு நட்சத்திரம்

சென்ற வாரம் திருவொற்றியூர் தேரடியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் நுழையும்போதே வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"நீங்களே சொல்லுங்கள், அண்ணி! பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கிறது. பந்து விளையாட இன்னொன்றாம். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?"

மகள் பதில் பேசாமல் காலைத் தூக்கிக் காட்டினாள். பூட்ஸின் அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. முழங்காலில் சிராய்ப்பு. பள்ளிக்கூடக் கூடைப்பந்துக் கோஷ்டியில் சேர்ந்தவள், ஓடித் திரும்பும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். சிநேகிதி அணிந்திருப்பதைப் போல், கணுக்காலில் நட்சத்திரம் போட்ட கான்வாஸ் பூட்ஸ் வேண்டுமாம்.

அந்த நட்சத்திரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு, சகோதரிகளே! அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆடுவதற்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே ஸெண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை அதைக் கல்லூரிப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்! அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி பக் என்பவர்தான் 1920-ல் நம் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் துவக்கினார்.

இந்த ஆட்டத்தில் ஓட வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். அதற்காகவே கான்வர்ஸ் கம்பெனி 1917-ல் ரப்பர் அடியும் கான்வாஸ் மேல்துணியும் கொண்ட பூட்ஸைக் கொண்டு வந்தது. கணுக்கால் எலும்பைக் காக்க ஒரு வட்டத் துண்டு; நட்சத்திரம் இருப்பது அதன் மேல்தான். காற்றுப் போக உட்புறம் இரண்டு துளைகள். விரல் நுனிக்கு ரப்பர் கவசம். சக் டெய்லர் என்ற ஆட்டக்காரர் 1921-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ஆட்டமும் சொல்லிக் கொடுத்தார், பூட்ஸும் விற்றார். 1930-களில் அவர் பெயரும் நட்சத்திரத்தோடு சேர்ந்துகொண்டது.

ரப்பர் மகிமையைத் திருவொற்றியூரில் விளக்க வேண்டுமா? எம்.ஆர்.எஃப். என்கிற மதராஸ் ரப்பர் ஃபாக்டரி 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது இங்கேதானே! டயர் வந்தது பிறகு. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது உறுதிப்படும். டயருக்கும் அதே வித்தை. பூட்ஸ் அடிக்கும் அதே வித்தை.

துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் நாத்தனார் கணவர் அதுவரை சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருந்தார். மகளின் பழைய பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்படித் தேய்ந்த டயரோடு நான் வண்டியை எடுக்க மாட்டேன், அக்கா. இவள் மட்டும் ஓடலாமா?" என்றார். வழக்குத் தீர்ந்தது.

சாயங்காலம் ராயபுரத்தில் கடை ஏறினோம். நாளெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பூட்ஸ் அளவு பார்க்க அதுதான் நேரம். காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். நட்சத்திர பூட்ஸின் விலை கைக்கு எட்டவில்லை. பெரிய ஆட்டக்காரர்களே கான்வாஸை விட்டு எத்தனையோ வருஷமாகிறது என்று சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் நட்சத்திரமில்லாத ஒரு ஜோடியை எடுத்து, முதலில் அடியைத்தான் தடவிப் பார்த்தாள். வரிகள் ஆழமாக இருந்தன.

"இது வழுக்காது, அத்தை!" என்றாள்.