பூமியில் கம்பி நட்டால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது ஆன்றோர் மொழி. கொசஸ்தலை ஆறு பெருகினால் தெருவே ஆறாகும் எங்கள் சடையங்குப்பத்துக்கு அம்மொழி மிகப் பொருந்தும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் நின்றது. நாலைந்து வீட்டார் காசு சேர்த்துச் சிறு ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஈரக்காலோடு அதன் இரும்புச் சட்டத்தைத் தொட்ட பக்கத்து வீட்டு அத்தைக்குச் சுரீரென ஷாக் அடித்தது. நல்ல வேளை, பிழைத்தார். ஜெனரேட்டர் கொண்டு வந்தவர் மண்ணில் ஒரு கம்பியைச் செருகி, "இனிப் பயமில்லை, கரண்ட்டு பூமிக்குப் போய்விடும்" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான், நானும் நம்பினேன்!

அது தவறென்று பாடம் படித்த பின்பே தெளிந்தேன். மின்சாரம் பூமியைத் தேடி ஓடுவதில்லை. தான் புறப்பட்ட இயந்திரத்துக்கே திரும்ப முயல்கிறது. கசிந்த மின்சாரம் ஈரமண் வழியே திரும்பும் பாதையின் தடை 50 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் பாய்வது 4.6 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. ஆனால் 0.05 ஆம்பியரே மனித உயிரைப் பறிக்கக்கூடும்!

ஆகவே ஜெனரேட்டரின் நியூட்ரல் அதன் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கருவியிலிருந்தும் பச்சைக் கம்பி அச்சட்டம் வரை அறுபடாமல் வர வேண்டும். நாமோ பிளக்கின் மூன்றாவது முனையை உடைத்துவிட்டுச் செருகுகிறோம்! இவற்றோடு ஆர்.சி.சி.பி. கருவியும் இருந்தால், 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும்.

வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரைச் சேர்ப்பதானால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியே சேர்த்து, வீட்டு எர்த்தையும் இணைக்க வேண்டும். சாக்கெட்டில் நேரே செருகினால், அது டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகிக் கம்பத்தில் நிற்கும் ஊழியரைக் கொல்லும்.

எங்கள் உப்பு மண் எர்த்துக்கு உகந்ததே. ஆனால் அதே உப்பு இரும்புக் குழாயை அரித்துவிடும். ஆண்டுதோறும் மழைக்கு முன் சோதிப்பது அவசியம்.

ஆர்.சி.சி.பி. இல்லாத ஜெனரேட்டரை வாடகைக்கு விடுவதை அரசு தடுக்க வேண்டும். அதுவரை நாம் வாளாவிருக்கலாமா? நண்பர்களே, கற்றது பரீட்சைத் தாளோடு முடிவதன்று. இந்த ஐப்பசிக்குள் ஆளுக்கு ஒரு வீட்டிலேனும் இதை எடுத்துச் சொல்வோம்!