கதைப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

"கதப் புஸ்தகம் வாசிச்சா மார்க் வருமால?" திருநெல்வேலிச் சீமையில் இந்த அதட்டல் காதில் விழாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. மாயாஜாலக் கதை புத்தியைக் கெடுக்கும், கவனத்தைச் சிதறடிக்கும், படிப்பு என்றால் கசக்கத்தான் செய்யும் என்பது இங்கே வேதவாக்கு. பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று சொல்லிப் பூரிக்கிற ஊர், இப்படியொரு பொய்யைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டிருப்பதைப் பொறுக்க முடியவில்லை.

பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் ஒரு கடை. எட்டு வயதிருக்கும் ஒரு பையன், அட்டையில் பறக்கும் குதிரை போட்ட புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். அப்பா அதை வாங்கி மேஜையில் போட்டுவிட்டு, பொது அறிவு வினா-விடை ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தார். பையன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இவனுக்கு எதுலயும் அக்கறையே கிடையாது அண்ணாச்சி" என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அந்தப் பிள்ளைக்கு அக்கறை இருந்தது. அதைப் பிடுங்கி மேஜையில் போட்டவர் அவர்தான்.

கதை கவனத்தைச் சிதறடிக்கிறதாம். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் கதையை ஒரு பிள்ளைக்கு இரண்டாம் தடவை சொல்லிப் பாருங்கள். ஒரு விவரத்தை மாற்றினால் போதும், "நேத்து வேற மாதிரில்லா சொன்னீய ஆச்சி" என்று பிடித்துவிடும். வகுப்பில் நாம் கெஞ்சிக் கேட்கிற கவனமும் ஞாபகமும் இதுதானே?

பிள்ளைக்குச் சலிப்பு வருவது சோம்பலால் அல்ல. தனக்கென்று ஒரு கேள்வி இல்லாததால் வருகிறது. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகள் அதன் கேள்விகள் அல்ல; விடையும் எங்கிருந்து எங்கு வரை என்று பென்சிலால் குறித்துக் கொடுக்கப்பட்டது. வேதாளத்தைப் பாருங்கள். கதை முடிந்ததும் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். நம் வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளைக்குத்தான் நல்ல பெயர். ஆசிரியரான ஆயிஷா இரா. நடராசன் அந்தச் சட்டகத்திலேயே அறிவியலை வைத்து 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' எழுதினார். 2014இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது அதற்குக் கிடைத்தது.

சுவீடனில் நூறு வருஷத்துக்கு முன்பே இதைப் புரிந்துகொண்டார்கள். 1902இல் அந்நாட்டு ஆசிரியர் சங்கம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் வாசிப்பு நூல் ஒன்று வேண்டும் என்று செல்மா லாகர்லாவைக் கேட்டது. அவரும் ஆசிரியையாக இருந்தவர்தான். 1906, 1907இல் இரண்டு பாகமாக வந்த அந்த நூலில், புத்தகத்தை விரித்து வைத்துத் தூங்கிப்போகிற நில்ஸ் என்ற பையன் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, வாத்தின் முதுகில் ஏறிச் சுவீடன் முழுக்கப் பறக்கிறான். மலை, சுரங்கம், ஏரி என்று நாடே அவன் காலுக்குக் கீழே விரிகிறது. 1909இல் லாகர்லாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாடநூல் கேட்டு மாயக்கதை வாங்கிய அந்த ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நமக்கு வாத்துக்கும் பஞ்சமில்லை. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு, பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வருகின்றன. அவற்றில் ஒன்றின் முதுகில் நம் பிள்ளையொருத்தி ஏறினால் என்னவெல்லாம் பார்ப்பாள்! பொதிகையில் ஆறு புறப்படும் இடம். பாபநாசத்தில் தண்ணீர் மின்சாரமாவது. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் 3,200 ஆண்டுகளாகக் கிடந்த நெல். பாண்டியர் துறைமுகமான கொற்கையில் இன்று கடலையே காணோம். கிழக்கே சில கிலோமீட்டர் போக வேண்டும். கடல் எங்கே போயிற்று என்று அவள் கேட்பாள். வண்டல் என்றால் என்னவென்று அப்போது சொல்லுங்கள், ஆயுசுக்கும் மறக்காது.

முக்கூடலில் பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற தாய்க்கு இதெல்லாம் வசதியானவர்கள் பேச்சாகத் தோன்றலாம். மார்க் வந்தால்தான் வேலை, வேலை வந்தால்தான் பீடித் தட்டை இறக்கி வைக்க முடியும். அவர் பயம் நியாயமானது, அதை லேசாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் படிப்பில் ஆசை விட்டுப்போன பிள்ளையை எத்தனை டியூஷனுக்கு அனுப்பியும் இழுத்துக்கொண்டு போக முடிவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு, பீடி சுற்றுகிறவர் பிள்ளைக்குக் கிடையாது. ஆகவே அந்த ஆசை அணையாமல் இருக்க வேண்டியது முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான்.

அதற்குப் பெரிய செலவில்லை. எத்தனையோ பள்ளிகளில் கதைப் புத்தகங்கள், கிழிந்துவிடும் என்று பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. தலைமையாசிரியர்கள் அந்தச் சாவியை வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கொடுக்கட்டும். வாரத்துக்கு ஒரு பீரியடாவது, பரீட்சை நெருங்கினாலும் கணக்குக்குக் கடன் கொடுக்காமல், அவர்கள் கேட்ட புத்தகத்தை அவர்களே எடுத்து வாசிக்கட்டும்.