மாட்டுக்கு லீவு கிடையாது! எங்கள் உழைப்புக்குக் கூலியும் கிடையாதா?

 

விடியற்காலை நாலரை மணிக்கு ஊரே தூங்கும்போது எந்த வீட்டில் விளக்கு எரிகிறது? மாடு கட்டியிருக்கிற வீட்டில்தான். சாணி அள்ளி, கட்டுத்தறி கூட்டி, கன்றுக்கு ஊட்ட விட்டு, மடி கழுவி, கறந்து, சொசைட்டிக்குக் கேனோடு ஓடுகிறோம். சாயங்காலம் மறுபடியும் அதே ஓட்டம். தீபாவளி, பொங்கல் கிடையாது. வீட்டில் எழவு விழுந்தாலும் மாட்டைக் கறக்காமல் விட முடியுமா?

பாலுக்கு விலை வைக்கிறவர்கள் மாட்டைத் தண்ணிக் குழாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருசத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

தை, மாசியில் அறுப்பு முடிந்து வைக்கோல் கிடைக்கும். பால் கூடும். கூடினால் என்ன ஆகிறது? "வரத்து ஜாஸ்தி" என்று தனியார் கம்பெனிக்காரர்கள் விலையை இறக்குகிறார்கள். நன்றாக உழைத்ததற்குத் தண்டனை!

பங்குனி, சித்திரையில் மேய்ச்சல் காடு காய்ந்துபோகும். லாரிக்காரர் சொல்வதுதான் வைக்கோல் விலை. கலப்பின மாடு வெயில் தாங்காமல் மூச்சு வாங்கும், தீனி எடுக்காது. பால் குறையும், அதில் உள்ள சத்தும் குறையும். செலவு ஏறுகிற நேரத்தில் வரவு இறங்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். கிடேரிக் கன்றை விற்றுப் பீஸ் கட்டுகிறோம். நாளைக்குக் கறக்க வேண்டிய மாட்டை இன்றைக்கே விற்றுத் தின்கிறோம் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகையில் தொழுவம் சேறாகும். மடிநோய் வரும், கோமாரி வரும். மழையில் தழைத்த இளம்புல்லை மட்டும் தின்றால் பாலில் கொழுப்பு இறங்கும். இது மாட்டின் இயற்கை. ஆனால் டெஸ்ட் போடுகிற இடத்தில் என்ன சொல்கிறார்கள்? "தண்ணி கலந்துட்டியாம்மா?" விடியக் காலையில் எழுந்து கறந்த பொம்பளைக்கு நாலு பேர் முன்னால் திருட்டுப் பட்டம்!

இதோடு போச்சா? மாடு ஈனுவதற்கு முன் 60 நாள் கறவையை வற்ற விட வேண்டும். அந்த இரண்டு மாசமும் பால் இல்லை. மாடு தின்னாமல் இருக்குமா?

இப்போது கூலிக் கணக்குக்கு வருவோம். இரண்டு மாடு வைத்திருக்கிற வீட்டில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் வேலை என்று வையுங்கள். அரை நாள் கூலி. 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அரை நாளுக்கு 168 ரூபாய். இரண்டு மாடும் சேர்ந்து 14 லிட்டர் கறந்தால், லிட்டருக்கு 12 ரூபாய் கூலி மட்டும்! உங்கள் பால் அட்டையில் போட்ட விலையில் இந்த 12-ஐக் கழியுங்கள். மீதியில் புண்ணாக்கு, தவிடு, வைக்கோல், வைத்தியம், வற்றுக்காலச் செலவு எல்லாம் அடங்குமா? அடங்காது. அப்படியானால் நம் வீட்டுப் பெண்கள் சும்மா உழைக்கிறார்கள்!

2022 நவம்பரில் அரசு பசும்பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் உயர்த்தி 35 ரூபாய் ஆக்கியது. 2023 டிசம்பரில் இன்னொரு 3 ரூபாயை "ஊக்கத்தொகை" என்று அறிவித்தது. போராடித்தான் இவ்வளவும் வந்தது. ஆனால் ஊக்கத்தொகை விலை ஆகாது. கொடுத்த கை நாளை நிறுத்திக்கொள்ளலாம். மத்திய அரசு 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அந்தப் பட்டியலில் பால் இல்லை.

"விலையை ஏற்றினால் நகரத்து ஏழை என்ன செய்வான்?" என்று கேட்கிறார்கள். ஏழைக் குழந்தை பால் குடிக்கட்டும், நமக்கும் சந்தோசம்தான். 2021 மே மாதம் அரசு விற்பனை விலையை 3 ரூபாய் குறைத்ததை நாம் எதிர்க்கவில்லை. அந்தச் சலுகையை கஜானாவிலிருந்து கொடுங்கள், எங்கள் கட்டுத்தறியிலிருந்து எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

நம்மிடமும் குறை உண்டு. அம்பது பைசா கூடக் கிடைக்கிறது என்று சங்கத்தை விட்டு ஓடுகிறோம். ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம். தனித்தனியாக நின்றால் தரையில்தான் கிடப்போம்.

நமது கோரிக்கைகள்:

1. குடும்ப உழைப்பையும் வற்றுக்காலத் தீனியையும் சேர்த்துப் பால் விலை நிர்ணயம் செய்!
2. ஊக்கத்தொகையை விலையோடு இணை! பட்டுவாடாவைத் தள்ளிப்போடாதே!
3. ஊற்றுபவர் கண் முன்னே டெஸ்ட் எடு! அளவு, சத்து, விலை மூன்றையும் அச்சிட்ட ரசீது கொடு!
4. கோடைக்கு முன்பே மானிய விலையில் உலர் தீவனம் வழங்கு!
5. வருசத்துக்கு இரண்டு முறை கோமாரித் தடுப்பூசியை வீடு தேடி வந்து போடு!

வரும் பட்டுவாடா நாளில் ஒவ்வொருவரும் பால் அட்டையோடு சொசைட்டி முன் கூடுவோம். முக்கியமாகத் தாய்மார்கள் வாருங்கள். கறக்கிற கைதான் கணக்கும் கேட்க வேண்டும்!

இவண்,
விவசாயிகள் சங்க ஒன்றியக் குழு