பெனிசிலின் ஆகாதா?



"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று டாக்டர் கேட்டதும், "பெனிசிலின் ஆகாதுங்க, சின்ன வயசுலயே அம்மா சொல்லிருக்காங்க" என்பவர்கள் நம்மில் பலர். எத்தனையாவது வேளைக்கு உடம்பு தடித்தது, எத்தனை நாள் இருந்தது? அம்மாவுக்கே நினைவிருக்காது. குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலிலேயே உடம்பு தடிக்கும். பழி மாத்திரைமேல் விழுந்துவிடும். வயிறு போனதைக்கூட அலர்ஜிக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு.

அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தமக்குப் பெனிசிலின் அலர்ஜி என்கிறார். முறையாகச் சோதித்தால், அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோருக்கு அது ஒத்துக்கொள்கிறது. நிஜமாகவே அலர்ஜி இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு 10 ஆண்டுகளில் விலகிவிடுகிறது.

வேறு மருந்து சாப்பிட்டால் போயிற்று என்று தோன்றும். அந்த வேறு மருந்து பல நேரம் விலையும் பக்கவிளைவும் கூடியதாக, வீரியம் குறைந்ததாக அமைந்துவிடுகிறது. பெனிசிலின் ஆகாது என்று பெயர் எடுத்தவர்களுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் கிருமித் தொற்று அதிகம் என்று 2018-ல் பாஸ்டனில் நடந்த ஆய்வு காட்டியது. கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் வந்தால் பெனிசிலினை விட்டால் வழியில்லை. அலர்ஜி உறுதியானாலும், மருத்துவமனையில் சேர்த்து, துளியளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, உடம்பைப் பழக்கிக் கொடுக்கிறார்கள்.

சோதனை என்றதும், முன்கையில் கொஞ்சம் மருந்தேற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போவார்களே, அந்த டெஸ்ட் டோஸை நினைக்காதீர்கள். அலர்ஜி நிபுணர் முதலில் கதையைக் கேட்பார். பாதிச் சோதனை அதிலேயே முடிந்துவிடும். தேவைப்பட்டால் தோலில் குத்திப் பார்ப்பார். ஆபத்து குறைவு என்று தெரிந்தவர்களுக்கு நேரடியாக ஒரு வேளை மருந்தை வாய்வழியே கொடுத்து, உட்கார வைத்துக் கவனித்தாலே போதும் என்கிறது 2023-ல் வந்த ஓர் ஆய்வு.

இதைப் படித்துவிட்டு வீட்டில் மாத்திரையைப் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். மூச்சு முட்டி, உதடு வீங்கி, மயங்கி விழுந்தவர்களை நிபுணர்தான் பார்க்க வேண்டும். தோல் உரிந்து வாயெல்லாம் புண்ணானவர்கள் அந்த மருந்தின் பக்கமே போகக்கூடாது.

இனி வீட்டில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால், மருந்தின் பெயர், தேதி, எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். தடிப்பைச் செல்போனில் படமெடுத்தும் வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்