தொண்ணூறு சதவீத மாயம்

“தம்பதியர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே விவாகரத்து வருமா என்று அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறார், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?” என்று கேட்கிறார்கள். நிறையவே வேண்டும்.

94 சதவீதம் என்று பேர் வாங்கிய காட்மன் குழுவின் 1992 ஆய்வில் இருந்தவர்கள் 52 தம்பதியர்தான். யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகே அதற்குப் பொருந்தும் சூத்திரத்தை அமைத்தார்கள். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய தேர்வு அது. இப்படி அமைக்கும் சூத்திரம் தாங்குமா என்று ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001-ல் வேறொரு தரவை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பாதியை வைத்து அமைத்து, அதில் அழகாகப் பொருந்திய சூத்திரம், மறுபாதியில் சறுக்கியது.

இன்னொன்று. நூறு ஜோடிகளில் பத்து ஜோடி பிரிவதாக வைத்துக்கொள்வோம். ‘யாருமே பிரியமாட்டார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கும் 90 மதிப்பெண் கிடைக்கும். பிரியப்போகும் ஒரு ஜோடியைக்கூட அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

ஏளனப் பேச்சு உறவைக் கெடுக்கும் என்று காட்மன் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கோட்பாட்டையும் மெச்சுவதற்கு முன், புதிய ஆட்களிடம் அது தேறியதா என்று கேளுங்கள். தேறாத வரை, அதை நம்பி யாருடைய திருமணத்துக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.