ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்



கடலூர் மாவட்டத்தின் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் முந்திரி உரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில்தான். பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் தோலை நீக்க வேண்டும். பருப்பு உடையக் கூடாது. முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து யாரையும் விடுவதில்லை. ஆனால் கை வேகம் குறையும்போது, கண் மங்கியதுதான் காரணம் என்று இவர்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அசாமில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, மற்றவர்களோடு ஒப்பிட 21.7 சதவீதம் கூடியது. தேயிலைக்கு நடந்தது முந்திரிக்கும் நடக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இப்போது பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய டேப் ஒன்று இருக்கிறது. பார்வையைச் சோதிக்கும் செயலிகள் அதில் கிடைக்கின்றன. உலக சுகாதார நிறுவனமே எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக இலவசச் செயலி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பல செயலிகளில் ஆங்கில 'ஈ' எழுத்து ஒன்று மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பித் திரும்பி வரும். அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் செய்யலாம். திசை ஒவ்வொரு முறையும் மாறுவதால், பேரன் மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் முடியாது.

இப்படிச் சோதிப்பது தூரப் பார்வையை; இதில் தேறினாலும் வெள்ளெழுத்து உள்ளவருக்குக் கண்ணாடி தேவைப்படலாம். இதன் கணக்கு பழையது. 1862இல் ஹாலந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த அட்டைதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஆறு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை அடையாளம் கண்டால் பார்வை 6/6. மூன்று மீட்டரில் நின்றால் எழுத்து அதில் பாதி இருக்க வேண்டும். தூரமோ எழுத்தின் அளவோ பிசகினால் விடையும் பிசகிவிடும். ஆகவே கண்மதிப்பாக நிற்காதீர்கள், டேப் வைத்து அளந்து கோடு போடுங்கள். (தையல்காரர் டேப்பைச் சொல்கிறேன்.) திரையில் எழுத்தின் அளவு சரிதானா என்று பார்க்கச் சில செயலிகள் ஏ.டி.எம். அட்டையைத் திரைமேல் வைத்து ஒப்பிடச் சொல்லும். எந்த வங்கி அட்டையும் 85.6 மில்லிமீட்டர் நீளம்தான். அந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். திரை வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள், விரல் ரேகைகளைத் துடையுங்கள், குழல்விளக்கு திரையில் பளபளக்காத இடமாகப் பாருங்கள்.

முக்கியமானது, ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடும். குழந்தைகளுக்கு ஒரு கண் மட்டும் பிறவியிலிருந்தே மங்கலாக இருந்தால், அதுதான் இயல்பு என்று நினைத்து வளர்கிறார்கள்; புகார் சொல்வதே இல்லை. அந்தக் கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். அதைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்தால்தான் முழுதாகச் சரிசெய்ய வாய்ப்பு. மறைக்கும்போது உள்ளங்கையைக் குவித்து மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், அழுத்தினால் அந்தக் கண் சற்று நேரம் மங்கும். தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டே பார்க்கட்டும்.

இப்படிப்பட்ட செயலியால் என்ன பயன் என்பதற்குக் கென்யாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆண்ட்ரூ பஸ்டாவ்ரஸ் என்ற கண் மருத்துவர் அங்கே வேலை செய்தபோது உருவானது 'பீக்' செயலி. கனத்த கருவிகளை ஊர் ஊராகத் தூக்கிப் போக முடியாததால் கைபேசியில் பார்வையை அளக்க வழி தேடினார்கள். வழக்கமான அட்டைக்கு இணையாக அது அளக்கிறது என்று 2015இல் ஆய்வு வெளியானது. பிறகு 50 பள்ளிகளில் இன்னொரு சோதனை. பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் செயலியை வைத்துக் கண் பார்த்தார்கள். பிள்ளைக்கு உலகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் படமாகப் பெற்றோருக்குக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கமான அட்டை, வழக்கமான சீட்டு. குறை கண்டறியப்பட்ட பிள்ளைகளில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள் செயலிப் பள்ளிகளில் 54 சதவீதம், மற்றவற்றில் 22 சதவீதம். எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் பெரிதாகப் படுகின்றன. அங்கே செயலி அளந்ததைவிட, அம்மா அப்பாவைக் கிளப்பியதுதான் பெரிய காரியம்.

நம் ஊரிலும் கஷ்டம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதில்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009இலேயே வந்துவிட்டது. கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. கடலூர் தாண்டிப் புதுச்சேரிச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இயங்குகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதன் கிளை அது. வசதி இல்லை என்பதல்ல. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அதற்குத் தெளிவான காரணம் ஒன்று கையில் இருந்தால் கால் நகரும்.

ஆகவே செயலி 6/12 அல்லது அதற்கும் கீழே காட்டினால், அல்லது இரு கண்ணுக்கும் அட்டைக் கணக்கில் இரண்டு வரியோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் கிளம்பிவிடுங்கள். 6/6 என்று காட்டினாலும் இரண்டு பேர் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒருவர் சர்க்கரை உள்ளவர். விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கிய பிறகும் பார்வை நன்றாகவே இருக்கலாம்; வருடம் ஒரு முறை சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தே ஆக வேண்டும். இன்னொருவர், வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருப்பவர். அது ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வந்து, நடுப் பார்வையைக் கடைசியில்தான் தொடும். திரையில் உள்ள எழுத்து நடுப் பார்வையை மட்டுமே சோதிக்கிறது.

திடீரென்று பார்வை மங்கினால், கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால் செயலியைத் திறக்கவே வேண்டாம். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் கண்ணில் தெறித்தாலும் அப்படித்தான்: நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை டேப் உள்ள வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தேதி, தூரம், வலது கண், இடது கண், கண்ணாடியோடா இல்லாமலா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர்கள் அந்தத் தாளை எடுத்துப் போகட்டும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது; யார் கூடப் போவது என்பதையும் அன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்