சூட்டை அழித்தது யந்திரம். களஞ்சியம் தந்தது யார்?

கமத்தொழில் நவீனமாகிவிட்டதென்று மேடைதோறும் முழங்குகின்றனர். மெய்தான். எருது பூட்டிய கலப்பை போய் உழவு யந்திரம் வந்தது. கையரிவாள் ஓய்ந்து, வெட்டி அடித்துத் தூற்றி நெல்லை ஒரே மூச்சிற் கொட்டும் அறுவடை யந்திரம் வந்தது. பலர் நாள் முழுவதும் வெயிலில் வெந்து செய்த வேலையை அது மணிக்கணக்கில் முடிக்கின்றது. யந்திரத்தை நாம் வெறுப்பவர்களல்லர். குனிந்த முதுகை நிமிர்த்தும் கருவியை எதிர்ப்பது அறிவீனம். நாம் கேட்பது வேறொன்று: யந்திரம் மிச்சப்படுத்திய செலவும் காலமும் எவருடைய பெட்டிக்குள் இலாபமாக விழுகின்றன?

வன்னியிலும் மட்டக்களப்பிலும் எம் முன்னோர் அறுவடை செய்த முறையை எண்ணிப் பாருங்கள். வெட்டிய கதிரை உப்பட்டியாகப் போட்டனர், கட்டாகக் கட்டினர், மேட்டு நிலத்திற் சூடாக அடுக்கினர். மாரியின் கடைசி மழையைச் சூடு தாங்கிற்று. நெல் கதிரிலேயே மெல்ல உலர்ந்தது. விலை வீழ்ந்து கிடந்தால், சூடு மிதிப்பதைக் கமக்காரன் சில வாரங்கள் தள்ளி வைத்தான். சூடு என்பது வெறும் வைக்கோற் குவியலா? அன்று. அதுவே அவனது களஞ்சியம். வியாபாரியின் முன் அவன் தலைநிமிர்ந்து விலை பேசுவதற்கு நின்ற பக்கபலமும் அதுவே.

அறுவடை யந்திரம் அந்தச் சூட்டை அழித்தது. அதன் இடத்தில் வேறொன்றை வைக்க எவரும் முன்வரவில்லை. இரணைமடுவின் கீழும் சம்மாந்துறையிலும் காலபோக நெல் முழுவதும் சில வாரங்களுக்குள் வெட்டி முடிகின்றது. வரம்போரத்திற் கொட்டப்படும் அந்த நெல்லின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் மேல். மூட்டையிற் கட்டி வைத்தால் அது புழுங்கும், நிறம் கெடும், முளைக்கவும் தொடங்கும். யந்திரக்காரனுக்குக் கூலி, வங்கிக்கு நகை அடைவின் வட்டி, உரக்கடைக்குப் பழைய பாக்கி. எல்லாம் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன. வியாபாரியின் லொறியோ வயலுக்கே வந்து நிற்கின்றது. அவன் சொல்வது விலை; அவன் கழிப்பது கழிவு.

அரசாங்கம் இருக்கின்றதே என்பீர்கள். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று உத்தரவாத விலை அறிவித்தனர். அறிவித்த வேளையிற் கிழக்கில் அறுவடை தொடங்கிவிட்டது. அந்த விலையும் 14 வீத ஈரப்பதத்துக்கு உலர்ந்த நெல்லுக்கே. உலர்த்துவது எங்கே? தார் வீதியிலா? பேருந்தும் பாரவூர்தியும் விரையும் வீதியோரத்தில் நெல்லைப் பரப்பி, கண்விழித்துக் காவல் இருப்பதுதான் நவீன கமத்தொழிலா?

சட்டம் படித்தவர்கள் சொல்வர்: விற்பனை இரு தரப்பாரின் சுயவிருப்பம் என்று. இன்று விற்காவிட்டால் நாளை நெல் பழுதாகும் என்ற நிலையில் நிற்பவனுக்குச் சுயவிருப்பம் ஏது? கணக்கைப் பார்ப்போம். 22 வீத ஈரப்பதமுள்ள 100 கிலோ நெல் 14 வீதத்துக்கு உலரும்போது ஏறத்தாழ 91 கிலோ நிற்கும். உலர்ந்த நெல் 120 ரூபாவானால் ஈரநெல்லுக்கு நியாய விலை ஏறத்தாழ 109 ரூபா. உலர்த்தும் கூலியை அதிற் கழிக்கட்டும், மறுக்கவில்லை. அதற்கும் கீழே இறங்கும் ஒவ்வொரு ரூபாவும் ஈரத்துக்கான கழிவன்று. கமக்காரனின் இயலாமைக்கு விதித்த தண்டம்.

1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் நெல் சந்தைப்படுத்தும் சபையை உண்டாக்கியது. சபை இருந்து பயனென்ன, நெல் வரும் வேளையில் உலர்த்தும் யந்திரம் இல்லையென்றால்? ஆகவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும் உலர்த்தும் யந்திரமும் களஞ்சியமும் அமைக்கப்படல் வேண்டும். ஈரநெல்லையும் ஈரப்பத அளவுக்கேற்ற நியாயமான கழிவோடு சபை வாங்கல் வேண்டும். விலை அறுவடைக்குப் பின்னரன்று, விதைப்புக்கு முன்னரே வர்த்தமானியில் வெளிவரல் வேண்டும்.

கேட்டுவிட்டுக் கைகட்டியிருக்கவும் ஆகாது. கமத்தொழிலும் கூட்டுறவும் 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்கு உரிய விடயங்கள். கிழக்கின் சபை 2017 இலும் வடக்கின் சபை 2018 இலும் ஆயுள் முடிந்தன; அதன்பின் ஆண்டுகள் பல ஆளுநர்களின் கையிலே கழிந்தன. எனினும் கூட்டுறவுச் சங்கம் அமைக்க எந்த ஆளுநரும் எமக்குத் தடையல்லர். ஒரு குளத்தின் கீழுள்ள கமக்காரர் பங்குப்பணம் சேர்த்து அறுவடை யந்திரமும் உலர்த்தும் யந்திரமும் வாங்கினால், கூலியும் வெளியே போகாது, நெல்லும் காத்திருக்கும்.

இங்கேதான் படித்தவர்களின் கடமை வருகின்றது. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் இருந்து, குத்தகை நெல்லை மட்டும் எண்ணும் பெரியோர் நம்மிடையே அநேகர். பொறியியலாளர் யந்திரத்தைத் தேர்ந்து கொடுக்கட்டும். கணக்காளர் சங்கத்தின் ஏட்டைப் பார்க்கட்டும். வழக்கறிஞர்களாகிய நாம் விதிமுறைகளை எழுதிக் கொடுக்கின்றோம், கூலி வேண்டோம். கமக்காரரே, வரும் காலபோகத்துக்கு முன் உங்கள் கமக்காரர் அமைப்பைக் கூட்டுங்கள். ஈரப்பதமானி ஒன்றையாவது வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோலை வியாபாரியின் கையிற் கொடுத்துவிட்டு நியாயத்தைத் தேடுவதிற் பயனில்லை.

யந்திரம் வரட்டும். அது எமக்கு ஊழியம் செய்ய வரட்டும். எம்மை வியாபாரியின் லொறியில் ஏற்றிவிட வருமாயின், அதற்கு நவீனம் என்று பெயரிட நாம் ஒருப்படோம்.